குதிரைக் குளம்பும் பாண்டியர் கருவூலமும்

தமிழில் குதிரைக்குப் பெயர் பஞ்சமில்லை. புரவி, பரி, இவுளி, கலிமா, பாய்மா என்று நிகண்டுகள் அடுக்கிக்கொண்டே செல்லும். நிறத்துக்கு நிறம் ஒரு பெயர். நடைக்கு ஐந்து கதிகள். உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடத்துக்கு இடம் ஒரு பலன். குளம்புக்கும் குரச்சை என்றொரு சொல்லை நிகண்டு வைத்திருக்கிறது. புலவர்கள் குளம்பைப் பாடாமலும் இல்லை. போர்க்களத்தில் புழுதி கிளப்பும் குளம்பு, பகைவர் முடியை இடறும் குளம்பு, நெய்தல் நிலத்துத் தலைவனின் தேரை ஈரமணலில் இழுத்துச் செல்லும் குளம்பு என்று பல இடங்களில் அதைக் காண்கிறோம். ஆனால் ஓடாமல் நின்ற குளம்பை, கொட்டிலில் தன் சிறுநீரிலும் சாணத்திலும் ஊறி அழுகிய குளம்பைப் பாடியவர் எவரையும் நான் படித்த வரையில் கண்டதில்லை. பாட்டுக்கு உகந்த பொருளன்று என்று விட்டிருக்கலாம். வரலாற்றை எழுதுகிறவன் அப்படி விட்டுவிட முடியாது. பாண்டியப் பேரரசின் கருவூலத்தில் ஒரு பெரும் பங்கு அந்த ஈரக் குளம்பின் வழியாகத்தான் ஒழுகிப்போயிற்று என்று கருத இடமிருக்கிறது.

பிள்ளையார்பட்டியிலிருந்து இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. கற்பக விநாயகர் குடைவரையைப் பாண்டிய நாட்டுக் கலையின் தொடக்ககாலச் சின்னங்களுள் ஒன்றாகவே அறிஞர்கள் எண்ணுகிறார்கள். மதுரையிலிருந்து, மணிவாசகர் குதிரை வாங்கப் புறப்பட்டுச் சென்ற பெருந்துறையாகிய ஆவுடையார்கோயிலுக்கு வரைபடத்தில் ஒரு நேர்கோடு இழுத்தால், அது நம் ஊருக்குச் சற்றுத் தெற்கே செல்லும். வடமேற்கே பிரான்மலையில், 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வணிகர் குழுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பல திசை வணிகர்களும் கூடி, தங்கள் சரக்குகளின்மேல் இன்ன பொருளுக்கு இவ்வளவு என்று கோயிலுக்குக் கொடுக்க இசைந்த செய்தி அது. உப்பு, நெல், மிளகு, மஞ்சள், நூல், புடைவை, சந்தனம், அகில் என நீளும் அந்தப் பட்டியலில் யானையும் குதிரையும் இடம்பெறுகின்றன. மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் என்போர் பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் ஆங்காங்கே தலைகாட்டுகிறார்கள். ஆகவே குதிரை இந்தச் சீமைக்குக் கதையில் மட்டும் வந்ததன்று. சுங்கம் கொடுத்தும் வந்தது.

முதலில் குளம்பு என்பது இன்னதென்று சொல்லிவிடுவது நல்லது. மாட்டின் குளம்பு பிளவுபட்டது. குதிரையின் குளம்பு ஒற்றை. வெளிச்சுவர் நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளால் ஆனது. மேலே மயிர் முடியும் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. காட்டில் ஓடித் திரியும் குதிரைக்கு வளர்வதும் தேய்வதும் சரியாகிவிடும். கட்டிவைத்த குதிரைக்கு வளர்வது மட்டுமே நடக்கும். அடிப்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தால், பின்புறத்திலிருந்து நடுவை நோக்கி முக்கோணமாக ஒரு மெத்தென்ற பகுதி தெரியும். மேனாட்டு மருத்துவர்கள் அதற்குத் தவளை என்றே பெயரிட்டிருக்கிறார்கள். அந்தத் தவளையின் இரு பக்கமும் ஆழ்ந்த பள்ளங்கள். சாணமும் சேறும் அந்தப் பள்ளங்களில் அடைந்துகொண்டால் உள்ளே காற்றுப் புகாது. காற்றில்லாத ஈரத்தில் வாழும் நுண்ணுயிர்களுக்கு அதைவிட நல்ல இடம் வேறில்லை. கறுத்த கசிவும், மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றமுமாகத் தவளை கரையத் தொடங்கும். கவனியாமல் விட்டால் உயிருள்ள தசையை எட்டும்; குதிரை காலூன்ற மறுக்கும்.

இதற்கு மருந்து பெரியதொன்றும் அன்று. நாள்தோறும் காலைத் தூக்கி, வளைந்த கம்பியால் பள்ளங்களைத் தோண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். நிற்கும் தரை காய்ந்திருக்க வேண்டும். வளர்ந்த பாகத்தை ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை சீவிவிட வேண்டும். தினமும் சிறிது நடக்கவிட வேண்டும். அழுகல் கண்டுவிட்டால் அழுகியதை அறுத்து நீக்கி, மயில்துத்தமோ அயோடினோ போல உலர்த்தவும் கொல்லவும் வல்ல ஒன்றை இடவேண்டும். ஆக, வேண்டியது ஒரு மனிதர். நாள் தவறாமல் குனிகிற ஒருவர்.

அந்த மனிதர் பாண்டிய நாட்டில் இல்லை என்றுதான் வெனிசு நகரத்து மார்க்கோ போலோ எழுதிவைத்தார். 13ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் சீனத்திலிருந்து கடல்வழியே திரும்பியபோது அவர் நம் கரையைக் கண்டவர். மாபார் என்று அரபு வணிகர் அழைத்த இந்த நாட்டின் அரசரும் அவருடைய சகோதரர்களும் ஆண்டுதோறும் ஆளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்க விரும்புகிறார்கள். ஒரு குதிரையின் விலை நூறு வெள்ளி மார்க்குக்கும் மேல். ஆனால் ஆண்டு முடிவில் நூறு குதிரைகூட மிஞ்சுவதில்லை என்பது அவர் தரும் செய்தி. அதற்கு அவர் சொல்லும் காரணம் கூர்ந்து படிக்கத்தக்கது. குதிரையைப் பேணத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை. குதிரை கொண்டுவரும் வணிகர்களோ அத்தகையோர் எவரையும் அந்நாட்டுக்குச் செல்ல விடுவதில்லை, குதிரைகள் செத்துக்கொண்டே இருந்தால்தான் அவர்களுக்கு லாபம் என்கிறார். இங்கே பிறக்கும் குட்டிகள் கால் கோணி, ஏறுதற்கு உதவாமல் போகின்றன என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

பேணத் தெரிந்தவர் என்று நான் எழுதியதற்கு அவருடைய நூலின் பழைய பிரெஞ்சு மொழியில் உள்ள சொல், குதிரைக்கு லாடம் அடிப்பவரையும் குதிரை வைத்தியரையும் ஒருசேரக் குறிப்பது. இரண்டும் ஒருவர் தொழிலாகவே இருந்த காலம் அது. சொல்லின் வேரைப் பார்த்தால், குதிரைக்கு ஊழியம் செய்பவன் என்பதே பொருள். அந்தச் சொல்தான் பிற்காலத்தில் வளர்ந்து மார்ஷல் என்று படைத்தலைமையின் உச்சப் பட்டமாயிற்று. கொட்டிலில் குனிந்து காலைத் தூக்கிப் பார்த்தவனின் பெயரை ஐரோப்பா தன் படைத்தலைவர்களுக்குச் சூட்டியது. நம் மொழியில் வாதுவன் வாதுவனாகவே நின்றுவிட்டான்.

போலோ சொன்னதைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் வேறொரு பக்கத்திலிருந்து, விற்பவரின் பக்கத்திலிருந்து, சொல்கிறார். பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவை ஆண்ட ஜமாலுத்தீன் என்பவர் தம் பண்ணையிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டியனுக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தீனார். வழியில் கடலில் இறந்தாலும் விலை கொடுத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கு முன்னர், அத்தாபேக் அபூபக்கர் காலத்தில், வளைகுடாவின் பல துறைகளிலிருந்தும் ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் மாபாருக்கும் அண்டைத் துறைகளுக்கும் சென்றன. அவற்றின் மதிப்பு இருபத்திரண்டு லட்சம் தீனார் என்று கணக்கிடுகிறார். அந்தப் பணம் அரசுக் கருவூலத்திலிருந்து வந்ததன்று, கோயில் நிலைநிதிகளின் மிகுதியிலிருந்தும் கோயிலைச் சார்ந்த ஆடல்மகளிர்மேல் விதித்த வரியிலிருந்தும் வந்தது என்ற குறிப்பும் அவருடையதே. இதை மறவாமல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

வஸ்ஸாப் மேலும் ஒன்று சொல்கிறார். வந்திறங்கிய குதிரைகளைக் கயிறுகளால் முளைகளில் பிணித்து, நாற்பது நாள் அசையவிடாமல் கொழுக்க வைப்பார்களாம். வறுத்த வாற்கோதுமையும் நெய் பிசைந்த தானியமும் தீனி. காய்ச்சிய பசும்பால் குடிநீர். அதன் பிறகு பழக்காமலேயே வீரர்கள் ஏறிப் பேய் போல ஓட்டுவார்களாம். எத்தனை வலிய குதிரையும் சிறிது காலத்தில் சோம்பி, தளர்ந்து, ஒன்றுக்கும் உதவாததாகிவிடும் என்று முடிக்கிறார். போலோவும் சோறும் இறைச்சியும் சமைத்துக் குதிரைக்கு ஊட்டியதைக் குறிப்பிடுகிறார்.

இந்த இருவரும் குளம்பைப் பற்றி நேரே எழுதவில்லை. அக்காலத்து வாசகனுக்கு எழுத வேண்டிய தேவையும் இல்லை. நாற்பது நாள் ஒரே இடத்தில் பிணித்து நிற்கவைத்த குதிரையின் கால் என்ன ஆகும் என்பது குதிரையோடு வாழ்ந்த எவருக்கும் தெரியும். அந்த நாற்பது நாளில் குளம்பு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருக்கும், சீவ ஆளில்லை. பாலும் நெய்யும் தின்ற குதிரையின் சாணம் இளகியிருக்கும்; அதன்மேலேயே நின்றிருக்கும். தானியம் மிகுந்து உழைப்பில்லாத குதிரைக்குக் குளம்பின் உட்சுவர் அழன்று வீங்கும் நோய் ஒன்று வரும் என்பது இன்றைய கால்நடை மருத்துவத்தின் பால பாடம். சுவரும் எலும்பும் ஒட்டும் இடம் விட்டுப்போய், குதிரை நிற்க முடியாமல் படுத்துவிடும். அன்பு மிகுந்து ஊட்டியே கொன்றிருக்கிறோம்! நெய்ச்சோற்றை அரச மரியாதையென்று எண்ணிய மனம் நமக்கு இன்றும் அந்நியமானதன்று.

கேடு கரை இறங்கிய பின்னர்தான் தொடங்கியது என்பதற்கில்லை. ஹொர்முஸ் கப்பல்களைப் போலோ விவரித்திருக்கிறார். ஒற்றைப் பாய்மரம், மேல்தளம் கிடையாது. இரும்பாணியின்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டியவை. சரக்கை ஏற்றி, அதன்மேல் தோலை விரித்து, அந்தத் தோலின்மேல் குதிரைகளை நிறுத்துவார்கள். மேலே வானம், கீழே கசியும் நீர். கடல் கடக்கும் நாளெல்லாம் நனைந்த தோலின்மேல் நின்ற குளம்புகள் காயலில் கரையேறியபோது எப்படி இருந்திருக்கும்! காய்ந்த கல்தரையும் கம்பி பிடித்த கையும் அப்போதே காத்திருந்திருக்க வேண்டும். காத்திருந்தவை முளையும் கயிறும் நெய்ப் பானையும்.

வளைகுடா வணிகர் லாடக்காரரை அனுப்பாமல் தடுத்தது உண்மையா என்று கேட்கலாம். போலோவும் ஒரு வணிகர். போட்டி வணிகரைப் பற்றி நல்லது சொல்லும் கட்டாயம் அவருக்கு இல்லை. ஆயினும் கணக்கு அவர் பக்கம் நிற்கிறது. இறந்த குதிரைக்கும் விலை உண்டு என்ற ஒப்பந்தத்தில், குதிரையை உயிரோடு வைத்திருப்பதில் விற்பவருக்கு என்ன அக்கறை இருக்க முடியும்? இந்த வழக்கம் பாண்டியரோடு முடியவும் இல்லை. விசயநகரத்தில் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த போர்ச்சுகீசியக் குதிரை வணிகர் நூனிஸ், சாளுவ நரசிம்மனைப் பற்றி எழுதும்போது, மூன்று குதிரைக்கு ஆயிரம் வராகன் என்று உயிரோடும் பிணமாகவும் அவன் வாங்கினான் என்கிறார். கடலில் இறந்த குதிரைக்கு வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும், முழு விலை. வாலுக்குப் பொன் கொடுத்த அரசு, காலுக்குச் செம்பு செலவிட்டிருந்தால் வரலாறு சற்று வேறாக இருந்திருக்கலாம். வணிகம் செழித்த செட்டிநாட்டு மண்ணில் நின்று இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. சரக்கை விற்று, அதைப் பேணும் அறிவை மட்டும் கைக்குள் மூடிவைத்துக்கொள்வது எல்லாக் காலத்திலும் நடக்கும் வணிகம்தான். வாங்குகிறவன் அந்தக் கையைத் திறக்கக் கேட்டானா என்பதே எனக்கு உறுத்தும் வினா.

ஏனெனில் அறிவு இந்நாட்டில் இல்லாமல் இல்லை. கௌடிலியரின் அர்த்தசாத்திரத்தில் குதிரைத் தலைவனுக்கென்று ஓர் அதிகாரம் இருக்கிறது. குதிரை நிற்குமிடத்தின் தரை வழுவழுப்பான பலகை பரப்பியதாக இருக்க வேண்டும், தீவனத்துக்குத் தனியிடமும் சாணமும் சிறுநீரும் கழிந்துபோகத் தனிவழியும் இருக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. கழிவு வழியை நூலில் எழுதியவர், ஈரத்தின் கேட்டை அறிந்தவர்தாம். சாலிகோத்திரர் பெயரால் வழங்கிய குதிரை மருத்துவம் வடநாட்டில் அவ்வளவு பரவியது. அவர் பெயர் திரிந்து, சலோத்ரி என்பது குதிரை வைத்தியருக்கே பொதுப்பெயராயிற்று. நகுலன் பெயரில் வழங்கும் அசுவசாத்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் 1952இல் பதிப்பித்தது. சுவடி நம்மிடம் இருந்தது. அது வடமொழியில், பண்டிதர் கையில் இருந்தது. குதிரையின் காலைத் தூக்குகிறவருக்குச் சுவடி படிக்கத் தெரியாது. சுவடி படித்தவர் காலைத் தூக்கமாட்டார். இதை நான் பொதுவாகச் சொல்கிறேன்; விலக்குகள் இருந்திருக்கும்.

கிரேக்கத்தில் இது எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் செனபோன் குதிரையேற்றம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். சாக்ரட்டீசின் மாணவர், படைநடத்தியவர், நல்ல உரைநடையாளர் என்று பெயர் பெற்றவர். அவர் தம் நூலைத் தொடங்கும்போதே, குதிரை வாங்குகிறவன் முதலில் பார்க்க வேண்டியது காலையே என்கிறார். மேல்மாடி எத்தனை அழகாயிருந்தாலும் அடித்தளம் சரியில்லாத வீடு எதற்கு என்று கேட்கிறார். ஈரமும் வழுக்கலும் உள்ள கொட்டில், இயற்கையிலேயே நல்ல குளம்பையும் கெடுத்துவிடும். ஈரம் வடிய தரை சரிவாக இருக்க வேண்டும். குளம்பளவுள்ள கற்களை நெருக்கிப் பதிக்க வேண்டும். வெளியே குதிரையைத் தேய்த்துவிடும் இடத்திலும் கைக்கு அடங்கும் உருண்டைக் கற்களை நாலைந்து வண்டி கொட்டிப் பரப்பி, அவை சிதறாமல் சுற்றி இரும்பு விளிம்பு கட்டச் சொல்கிறார். அந்தக் கல்லின்மேல் நின்றாலே, கல்வழியில் நடந்ததுபோலக் குளம்பும் தவளையும் இறுகிவிடுமாம். ஓர் எழுத்தாளர் வண்டிக் கணக்கில் கல்லை எண்ணுகிறார்! நம் கவிஞர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அக்காலக் கிரேக்கக் குதிரைக்கு ஆணியடித்த லாடம் கிடையாது. ஐரோப்பாவில் அது பரவலானது ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டு முதலேயாம். லாடம் அழுகலைத் தடுப்பதுமில்லை. அதைக் கழற்றிப் பூட்டுவதற்காக மாதந்தோறும் ஒருவர் காலைக் கையில் எடுத்துப் பார்க்கிறாரே, அந்தப் பார்வை தடுக்கிறது.

போலோவின் கணக்கை அப்படியே நம்பவும் வேண்டியதில்லை. ஆண்டு முடிவில் நூறு மிஞ்சாது என்றால், 1311இல் மாலிக் கபூர் துவாரசமுத்திரத்தையும் மதுரையையும் கொள்ளையிட்டுத் திரும்பியபோது கொண்டுபோன குதிரைகள் எங்கிருந்து வந்தன? அமீர் குஸ்ரோ அவற்றை ஐயாயிரம் என்கிறார். ஆகவே பிழைத்தவையும் பல. தென்னாட்டுக் கொட்டில்கள் அனைத்தும் சாக்கொட்டில்கள் அல்ல. மலைமண்டலத்துச் செட்டிகளும் அவர்களோடு வந்த பாகர்களும் ஏதோ அளவுக்குத் தொழில் தெரிந்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும். ஆனால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் மீண்டும் மீண்டும் வாங்கினார்கள் என்பதில் போலோவும் வஸ்ஸாபும் ஒத்துப்போகிறார்கள். வாங்கியவை நிலைத்திருந்தால் அந்த அளவுக்கு வாங்க வேண்டியதில்லை.

இனி, மறவாமல் வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு வருகிறேன். திருவாதவூரர் கதை நமக்கெல்லாம் தெரிந்தது. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொன்னை அமைச்சர் பெருந்துறையில் கோயிலுக்குச் செலவிட்டுவிடுகிறார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கித் தானே குதிரைச் சேவகனாக மதுரைக்கு ஓட்டி வருகிறான். அன்றிரவே பரிகள் நரிகளாகி, பந்தியில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் கொன்றுவிட்டு ஓடிவிடுகின்றன. மணிவாசகர் காலத்தை ஆய்வாளர் பலர் 9ஆம் நூற்றாண்டு என்பர். அவரே தம் பாடல்களில் நரியைப் பரியாக்கிய செயலைக் குறிப்பிடுகிறார். கதை விரிவாக வளர்ந்து திருவிளையாடற் புராணங்களில் இடம்பெற்றது குதிரை வாணிகம் உச்சத்தில் இருந்த நூற்றாண்டுகளிலும் அவற்றின் பின்னரும்தான். வஸ்ஸாபின் கணக்கில் கோயிற்பணம் குதிரையாகிறது. நம் கதையில் குதிரைப்பணம் கோயிலாகிறது. ஒன்று மற்றொன்றைத் தலைகீழாகப் புரட்டிவைத்தது போலிருக்கிறது. நேற்று வந்து நின்ற விலைமிகுந்த பரி இன்று காலை பந்தியில் இல்லை என்ற காட்சி, அக்காலத்து மதுரை மக்களுக்கு வெறும் அற்புதமாக மட்டும் தோன்றியிராது. இது என் வாசிப்பு. சைவப் பெரியோர் பொறுத்தருள்க.

அந்தக் கதையில் குதிரை ஓட்டி வந்தவன் இறைவன். அருணகிரியார் முருகனையே இராவுத்தன் என்று விளித்தார். குதிரைமேல் இருப்பவனுக்குத் தமிழ் அவ்வளவு மதிப்பளித்தது. ஆவுடையார்கோயில் தூண்களில் பரியின் சேணத்தையும் மணிமாலையையும் கடிவாளத்தையும் சிற்பி இழை இழையாகச் செதுக்கியிருக்கிறான். குதிரையின்கீழ் குனிந்தவன் பெயர் கல்லிலும் இல்லை, பாட்டிலும் இல்லை.

மாட்டின் கதை முற்றிலும் வேறு. வண்டி மாட்டைக் கயிற்றால் பிணைத்துச் சாய்த்து, பிளந்த குளம்பின் இரு பாதிக்கும் தனித்தனியே லாடம் அடிப்பவர் நம் சந்தைகளில் இருந்தார். குளம்பிடுக்கில் புண் கண்டால் வேப்பெண்ணெயும் மஞ்சளும் இடவும், தொழுவத்தில் சாம்பல் தூவவும் நம் வீட்டுப் பெண்களுக்கே தெரிந்திருந்தது. ஈரத்தையும் அழுகலையும் பற்றிய அறிவு கைக்கெட்டும் தூரத்தில், அடுத்த தொழுவத்திலேயே இருந்திருக்கிறது. அது அரசனின் பந்திக்குள் ஏறியதா என்பதில்தான் ஐயம். மாடு சேற்றில் உழுதுவிட்டு வந்து பிழைக்கும். வளைகுடாவின் காய்ந்த மண்ணில் பிறந்த குதிரை பிழைக்காது. ஆனால் இரண்டுக்கும் தேவைப்பட்டது ஒரே கண்தான்.

கும்பினியார் ஆட்சியில் குதிரை மீண்டும் படைக்கு வேண்டியதாயிற்று. 1824இல் அவர்கள் குதிரைப் பண்ணைக்குத் தேர்ந்த இடம் ஓசூரை அடுத்த மத்திகிரி. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில், வடிகால் உள்ள மேட்டுநிலம். காவிரிப் படுகையிலோ வைகைக் கரையிலோ அவர்கள் பண்ணை போடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1903இல் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது, குளம்பைப் பற்றிய அறிவு முதன்முறையாக நம் இளைஞருக்குப் பாடமாயிற்று. பாண்டியன் கேட்டுப் பெறாததைப் பரீட்சை எழுதி வாங்கினோம். அதற்குள் குதிரையின் காலம் சாயத் தொடங்கியிருந்தது. நகரங்களில் சட்கா வண்டி இன்னும் சில பத்தாண்டுகள் ஓடியது, அவ்வளவே.

இந்தச் சீமையில் இன்று குதிரையை மிகுதியாகக் காண்பது ஐயனார் கோயில்களில். சிங்கம்புணரிப் பக்கத்துப் புரவி எடுப்பைக் கண்டவர்களுக்கு வேளார்கள் சுட்ட மண்குதிரைகளின் கம்பீரம் மறக்காது. பார்ப்பவர் கண் முகத்துக்கும் மணிக்கும் போகும். செய்பவர் காலில் தொடங்குகிறார். மணலும் உமியும் கலந்து பிசைந்த மண்ணால் நான்கு கால்களையும் உள்ளே பொள்ளலாக, உருளை உருளையாக முதலில் எழுப்பி, அவை காய்ந்து இறுகும்வரை காத்திருக்கிறார். காலில் ஈரமிருக்க உடலை ஏற்றினால் பாரம் தாங்காது சரியும். உள்ளீரம் மிச்சமிருக்கச் சூளை வைத்தால் நீராவி வெடித்துக் கால் பிளந்துவிடும். எனவே வெயில் நாளாகப் பார்த்து, நிழலில் சில நாள், வெயிலில் சில நாள் என்று மாற்றி மாற்றி உலர்த்தி, விரலால் தட்டி ஓசை கேட்டுப் பார்த்த பிறகே வயிற்றுக்கு மண் எடுக்கிறார். கோயிற்காட்டில் நிறுத்திய பிறகு, ஐப்பசி கார்த்திகை மழையில் நீர் தேங்கும் இடத்தில் நின்ற குதிரைக்கு முதலில் உதிர்வது குளம்புதான். மேட்டில், மணற்பாங்கான இடத்தில் நின்றவை தலைமுறை தாண்டியும் நிற்கின்றன.